பதினேழு முடிச்சுகள்

மார்பில் இருப்பது புற்றுக்கட்டிதான் என்று உறுதியான நாளிலிருந்து கோகிலவாணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. டாக்டர் நிலோஃபரின் அறையிலும் நாற்காலியின் நுனியில்தான் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் பூபதி, ஸ்கேன் உறையை மடியில் வைத்து ஓரத்தை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தான்.

"கட்டி நாலு சென்டிமீட்டர். மருந்து ஏத்தி அதைச் சுருக்கிட்டு அப்புறம்தான் எடுப்போம்," என்றார் டாக்டர். "இன்னிக்குப் பேச்சு அக்குளைப் பத்தி. கால்ல முள்ளு குத்தினா தொடையில நெறி கட்டும்ல, அதே மாதிரி முடிச்சுங்க அக்குள்லயும் இருக்கு. மார்ல இருந்து நோய் கிளம்பினா முதல்ல வந்து தங்குற சத்திரம் அதுதான். வாசல்ல இருக்கிற ரெண்டு மூணு முடிச்சை எடுத்துச் சோதிச்சா, நோய் வந்திருக்கா இல்லையான்னு தெரியும்."

"அப்ப எடுத்துப் பாத்தர்லாமுங்க," என்றாள் கோகிலவாணி.

"எப்ப எடுக்கிறதுங்கிறதுதான் சிக்கல். மருந்துக்கு முன்னாடி எடுத்தா உள்ளது உள்ளபடி தெரியும். நோய் இருந்துட்டா மிச்ச முடிச்சையும் துப்புரவா எடுக்க வேண்டி வரலாம். அப்படி எடுத்தா சில பேருக்குக் கை வீங்கிடும். வீங்கினா ஆயுசுக்கும் அதோட மல்லுக்கட்டணும். மருந்துக்கு அப்புறம் எடுத்தா, அதுக்குள்ள மருந்தே சுத்தம் பண்ணியிருக்கலாம். நிறைய முடிச்சு தப்பிக்கும். ஆனா முதல்ல என்ன இருந்துச்சுன்னு தெரியாமலே போயிரும். எடுத்துப் பார்த்த மூணும் சுத்தமா இருந்து, பார்க்காத நாலாவதுல ஒளிஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டு."

"எது நல்லதுங்க?" என்று பூபதி கேட்டான்.

"ரெண்டு பக்கமும் வாதாட டாக்டருங்க இருக்காங்க. அதுக்குத்தான் இப்ப நிழல்னு ஒண்ணு வந்திருக்கு." டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "உங்க ரத்தம், மரபணு, ஸ்கேன், வயசு, எந்தக் கையால என்ன வேலை பார்க்குறீங்க, எல்லாத்தையும் வெச்சு உங்களை மாதிரியே ஒருத்தரைக் கணினியில உண்டாக்குவோம். நீங்க ஒரு வழியில போனா, நிழல் இன்னொரு வழியில போகும். புதன்கிழமை தோறும் அதோட நிலைமை உங்க போனுக்கு வரும். நீங்களும் உங்க நிலைமையை எழுதி அனுப்பணும். எதையும் நோயாளிகிட்ட மறைக்கக் கூடாதுன்னு இப்பச் சட்டமே இருக்கே."

"அது ஆளுங்களா?"

"இல்லம்மா. வெறும் கணக்கு."

கோகிலவாணி அதிகம் யோசிக்கவில்லை. "எனக்கு முன்னாடியே எடுத்துப் பாத்துருங்க. தெரியாம அஞ்சு மாசம் என்னால கெடக்க முடியாதுங்க," என்றாள்.

மூன்று முடிச்சுகளை எடுத்தார்கள். இரண்டில் நோய் இருந்தது. அவள் மயக்கத்தில் இருக்கும்போதே பூபதியிடம் கையெழுத்து வாங்கி, மிச்சத்தையும் வழித்தெடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து தொடங்கியது.

அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆயிரக்கணக்கில் வெட்டுவதெல்லாம் இயந்திரம். புதிதாக ஒரு சட்டை பிறக்கும்போது முதல் துணியை வெட்டுவதற்கு மட்டும் ஒரு மனிதக் கை தேவைப்பட்டது. அந்தக் கட்டடத்தில் மிஞ்சியிருந்த ஒரே கை அவளுடையது. மருந்து ஏற்றிய வாரம் வீட்டில் இருப்பாள். அடுத்த இரண்டு வாரம் தலையில் துணி கட்டிக்கொண்டு மேஜைக்கு வந்துவிடுவாள்.

ஆறாவது வாரத்தில் வலது கையில் வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டும் ஏறவில்லை. தோல் கன்றிப் போகுமளவுக்கு ரவிக்கையின் கைப்பகுதி இறுக்கியது.

"வாணி, கை உப்பியிருக்குதே," என்றான் பூபதி.

"மருந்துச் சூடு மாமா. வடிஞ்சிரும்."

அன்று புதன்கிழமை. போனில் கேள்விகள் வந்தன. 'வலது கை எப்படி உள்ளது? எடை தூக்க முடிகிறதா? இரு கைகளின் சுற்றளவு?' அவள் வெகுநேரம் அறைக்குள் நடந்தாள். சாயப்பட்டறைப் பிரிவில் இருந்த ஒருத்தி, கை மரத்துப் போவதாக இப்படித்தான் எழுதி அனுப்பினாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்கு 'கை வேலைக்கு உகந்தவரல்லர்' என்று தானாகவே ஓலை போய்விட்டது. அவளை மதியமே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் வேறு இடமும் இல்லை.

கோகிலவாணி 'நன்றாக உள்ளது' என்று எழுதினாள். இடது கையை அளந்து, அதே அளவை வலது கைக்கும் போட்டாள். ஒரு கணக்கிடம் பொய் சொன்னால் யாருக்கு வலிக்கப் போகிறது?

ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. ஆபரேஷன் ஆன பக்கம் ஊசி குத்தக் கூடாது என்பதால் மருந்து இடது கையில்தான் ஏறியது. முழுக்கைச் சட்டைக்குள் இருந்த வலது கையை யாரும் தொடவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு புதனும் அதே இரண்டு சொற்கள்தான்.

நிழல் மீது அவளுக்கு ஒரு வன்மம் வளர்ந்தது. அதற்கு முடிச்சுகளை இன்னும் தொடவில்லை. மருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதன் கைக்கு ஒரு குறையும் இல்லை. 'உறக்கம்: 6 மணி நேரம்' என்று வந்தால் அன்று முழுவதும் வீட்டில் பாத்திரம் உருளும். 'வாந்தி: 4 முறை' என்று வந்தால் மனது கொஞ்சம் ஆறும். அப்படி ஆறியதற்காகவே பிறகு தன் மேல் அருவருப்பு வரும். ஒரு புதன்கிழமை, முந்தைய இரவின் உறக்கம் பூஜ்ஜியம் என்று வந்தது. அடுத்த மருந்து நான்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

"நெழலுக்கே தூக்கம் வர்றதில்லயாமா," என்று பூபதியிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் தொலைக்காட்சியில் புயல் நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்த காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு சுற்று மருந்து முடிந்தது. மார்புக் கட்டியையும் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த புதன்கிழமை, நிழலுக்கும் அறுவை முடிந்த செய்தி வந்தது.

'அக்குள் முடிச்சுகள் முழுவதும் நீக்கம். எண்ணிக்கை: 17. நோய்: எதிலும் இல்லை.'

கோகிலவாணி அதை நாலைந்து தரம் படித்தாள். ஏதோ சரியில்லை. மருந்துக்குப் பிறகு மூன்றை எடுத்துப் பார்ப்பது, சுத்தமாக இருந்தால் மிச்சத்தை விட்டுவிடுவது. அந்த வழிக்கு இருந்த லாபமே அதுதான் என்றல்லவா டாக்டர் சொன்னார்? சுத்தமாக இருந்த பதினேழை ஒரு கணக்கு எதற்காகப் பிடுங்கிப் போட வேண்டும்?

தையல் பிரிக்கப் போன நாளில், நிழல் திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ரேச்சல் என்ற பெண்ணிடம் கேட்டாள்.

"அதுவா..." ரேச்சல் வேறொரு கோப்பில் கண்ணாக இருந்தாள். "மூணு போதும்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. அவங்கதான் எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க."

கோகிலவாணி மேஜையில் இடது கையை ஊன்றினாள்.

"யாருங்க கேட்டது?"

ரேச்சல் நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"அதுன்னுதானே கண்ணு சொல்லோணும்? கணக்குக்கு எதுக்கு 'அவங்க'?"

"வாய் தவறிடுச்சும்மா."

"புயலடிச்ச அன்னிக்கு அது தூங்கலை. நாலு நாளு மருந்துக்கு வரலை. ரோடு அத்துப் போச்சுன்னு டீவியில சொன்னாங்க. எனக்கு இப்பத்தான் உறைக்குது. கணக்கு எதுக்குங்க புயலுக்குப் பயப்படோணும்?"

ரேச்சல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பேசும்போது குரல் பாதியாகிவிட்டது. "முதல்ல கணக்காத்தான் இருந்துச்சு. நிறையத் தப்பாச்சு. அப்புறம், ஒரே மாதிரி நோய், ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி கைவேலை இருக்கிற ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சு இணைச்சா சரியா வருதுன்னு மாத்திட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருக்கு, முப்பத்தெட்டாவது பக்கம். 'நிகர்த் தரவு உயிருள்ள மூலத்திலிருந்தும் பெறப்படலாம்'. டாக்டருங்க பல பேருக்கே தெரியாதும்மா."

"அவங்க பேரென்ன?"

"சொன்னா என் வேலை போயிடும்." பிறகு ஒரு காகிதத்தை நகர்த்தினாள். "ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. சேர்த்துடுறேன். அவங்களுக்கு விருப்பம் இருந்தா பேசட்டும்."

கோகிலவாணி நின்றபடியே எழுதினாள்: 'புயல் அன்று நீங்கள் தூங்கவில்லை. நீங்கள் யார்?' கீழே தன் பெயரும் போன் எண்ணும்.

ஏழு வாரம் எந்தப் பதிலும் இல்லை. எட்டாவது வாரம், மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"கோகிலவாணிங்களா? நான் சுகந்தி. நாகப்பட்டினத்துலேருந்து பேசுறேன். சீட்டு அப்பவே வந்துடுச்சு. பேசலாமா வேணாமான்னே இத்தன நாளு ஓடிப்போச்சு." கரகரத்த குரல். பின்னால் ஏதோ எஞ்சின் விட்டு விட்டு இருமியது. "எங்கேருந்து தூங்குறது! கூர போயிடுச்சு. பட்டறையில இருந்த எஞ்சினெல்லாத்தையும் தண்ணி வர்றதுக்குள்ள மேல ஏத்துனோம். நான் போட் எஞ்சின் மெக்கானிக்கு."

"அப்புடிங்களா," என்றாள் கோகிலவாணி.

"அப்ப நீங்கதான் என் நெழலு. எனக்கும் புதங்கெழம வருமே. வலக்கையில வேல பாக்குறவங்க, எல்லா முடிச்சையும் மொதல்லயே எடுத்துட்டாங்க, கை நல்லாருக்குன்னு. அதப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு தைரியமே வந்துச்சு."

கோகிலவாணியின் கையிலிருந்த கத்தரி துணி மேல் விழுந்தது. தான் ஒரு நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். தானும் ஒருத்திக்கு நிழலாக இருந்தது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உங்க கை... இப்ப எப்புடி இருக்குதுங்க?"

மறுமுனையில் ஒரு நொடி தாமதம். "நல்லாருக்கு," என்றாள் சுகந்தி.

அந்த ஒரு நொடி கோகிலவாணிக்கு நன்றாகப் பழகியது. ஐந்து மாதம் புதன்கிழமை தோறும் அவளே அதைக் கடந்துதான் அந்தச் சொல்லை எழுதியிருந்தாள்.

மறுநாள் விடியலில் ரயில் ஏறினாள். பூபதி கூட வருகிறேன் என்றான், வேண்டாமென்றாள். திருச்சி வரை இருக்கையில் உட்காரவே இல்லை. தஞ்சாவூரில் இறங்கிப் பஸ் பிடித்தாள். ஜன்னலோரத்தில் இருந்துகொண்டு, சொல்ல வேண்டியதை உருப்போட்டாள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அதில் ஒரு பகுதி உதிர்ந்துகொண்டே வந்தது.

அக்கரைப்பேட்டையில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது பட்டறை. தகரக் கூரை புதிதாக மின்னியது. ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இவளைப் போலவே தலையில் விரற்கடை முடி முளைத்திருந்தது. முன்னால் ஒரு பழைய எஞ்சின். அதன் ஸ்டார்ட்டர் கயிற்றை இடது கையால் இழுத்தாள். எஞ்சின் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தாள். வலது கை மடியில் கிடந்தது, இறுக்கமான உறைக்குள், மரவள்ளிக் கிழங்கு போல.

"வாங்க வாங்க," என்று சுகந்தி எழுந்தாள். "டீ சொல்றேன்."

"டீ வேண்டாமுங்க. முதல்ல இதப் பாருங்க."

கோகிலவாணி முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்து, துணியைத் தோள் வரை சுருட்டினாள். பட்டறைக்குள் அடித்த மதிய வெயிலில் அந்தக் கை மினுமினுவென்று வீங்கியிருந்தது. முழங்கையில் மடிப்பே இல்லை.

"ஆறாவது வாரத்துலிருந்து இப்புடித்தானுங்க. ஒரு புதங்கெழமயும் நான் நெசத்த எழுதலை. வேல போயிருமுன்னு. அந்தப் பக்கம் ஆளு இல்ல, கணக்குன்னு நெனச்சுட்டனுங்க."

சுகந்தி கிட்டே வந்தாள். கிரீஸ் படிந்த கட்டைவிரலால் அந்தக் கையை அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்த குழி மேலே வரவில்லை. தன் உறையை இறக்கி, தன் கையையும் அதே போல் அழுத்திப் பார்த்தாள். அங்கேயும் குழி.

"அப்ப எனக்கு மட்டும் இல்லயா?" என்றாள்.

அவள் முகத்தில் முதலில் தெரிந்தது கோபம் இல்லை. கோகிலவாணி அதை எதிர்பார்த்திருக்கவில்லை. பெரிய சுமையை இறக்கியவள் போல சுகந்தி மூச்சு விட்டாள், கண் நிறைந்துவிட்டது. "நெழலுக்கு ஒண்ணும் ஆவலயே, எனக்கு மட்டும் ஏன் வீங்குதுன்னு கெடந்து தவிச்சேன். ஒரு மாசத்துலயே எஞ்சினத் தொட்டேன்ல, அதான்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்லிச் சொல்லிக் காமிச்சாரு. என் திமிருக்கு வந்ததுன்னு."

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் எதையோ ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"டாக்டரு மூணு போதும்னாரு," என்றாள் மெதுவாக. "நான்தான் கேக்கல. நெழலுக்கு எல்லாத்தையும் எடுத்தும் கை நல்லாருக்கே, எனக்கும் எடுத்துடுங்க, எங்கயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குமோன்னு வாழ்நாள் முச்சூடும் பயந்து சாவ முடியாதுன்னேன். பதினேழு எடுத்தாங்க. ஒண்ணுலகூட இல்ல." குரல் உயர்ந்தது. "ஒண்ணுலகூட இல்லங்க! பதினேழும் சுத்தம். சும்மா இருந்தத வெட்டிப் போட்டுட்டு இப்ப ஒரு கயித்த இழுக்க முடியல எனக்கு!"

கோகிலவாணி நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவ்வளவு தூரம் உருப்போட்டு வந்ததில் எந்த வாக்கியமும் அந்தக் கைக்கு முன்னால் நிற்கவில்லை.

"போங்க," என்றாள் சுகந்தி. "எந்திரிச்சு அடிச்சாலும் அடிச்சுடுவேன். போயிடுங்க."

கோகிலவாணி வெளியே வந்தாள். மீன் லாரிகளுக்கு நடுவே நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பி நடந்தாள். பாதி வழியில் மறுபடி பஸ் நிறுத்தத்துக்கே வந்தாள். மூன்றாவது முறை பட்டறை வாசலுக்குப் போனபோது சுகந்தி அதே ஸ்டூலில்தான் இருந்தாள்.

"போனீங்கன்னு நெனச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றனுங்க. நேத்துப் போன்ல நல்லாருக்குன்னு சொன்னீங்க. புதங்கெழம என்ன எழுதுறீங்க?"

சுகந்தி கை உறையை மேலே இழுத்துவிட்டாள்.

"நீங்களும் அதையேதானுங்களே எழுதுறீங்க?"

"எல்லாருக்கும் நல்லாருக்கும்போது எனக்கு மட்டும் இல்லன்னு எப்புடி எழுதறது?" என்றாள் சுகந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "என் தப்பாலதான் வீங்குச்சுன்னு ஆவும்னு பயந்தேன்."

கோகிலவாணி அங்கேயே நின்று ரேச்சலுக்குப் போன் செய்தாள். சுகந்திக்கும் கேட்கும்படி வைத்தாள். இரண்டு பேர் கையும் வீங்கியிருக்கிறது, இரண்டு பேரும் பொய் எழுதியிருக்கிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் ரேச்சல் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் ரேச்சல் கடைசியில். "கையால கடுமையா வேலை பார்க்குற பெண்கள்னு எடுத்தா இந்தத் திட்டத்துலயே மொத்தம் பதினோரு பேர்தான். அதுல நீங்க ரெண்டு பேர். எல்லா முடிச்சையும் எடுத்தாலும் இவங்களுக்குக் கை கெடுறதில்லைன்னு போன வாரம் நிழல் திட்டம் பரிந்துரையை மாத்திடுச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கு ஆபரேஷன் இருக்கு. மூணு எடுத்துப் பார்க்கிறதுக்குப் பதிலா எல்லாத்தையும் எடுக்குறதா முடிவாயிருக்கு."

"இன்னிக்குப் புதங்கெழம," என்றாள் சுகந்தி. அவள் எழுந்து கோகிலவாணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "நிறுத்துங்கம்மா அத."

"நீங்க எழுத்துல குடுத்தா நிறுத்தலாம். ஆனா கோகிலவாணிம்மா, மாத்தி எழுதின உடனே உங்க கம்பெனிக்கு ஓலை தானாப் போயிடும். என்னால தடுக்க முடியாது."

"தெரியும் கண்ணு," என்றாள் கோகிலவாணி. "எந்தத் தேதியிலிருந்து வீக்கமுன்னு போடோணும்? எனக்கு நல்லா நெனப்பிருக்குது. எழுதிக்கோ."

வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பேருக்கும் மூன்று மூன்று முடிச்சுகள்தான் எடுத்தார்கள் என்று ரேச்சல் பிறகு சொன்னாள். ஒருத்திக்கு மூன்றும் சுத்தம். மற்றவளுக்கு ஒன்றில் இருந்தது. அந்தப் பெண்களின் பெயரை இவர்கள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கோகிலவாணியின் மேஜையில் வேறொருவன் கத்தரியோடு நின்றான். அவளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு ஒட்டும் வேலை, இடது கையால். கைக்கு உறை போட்டு, காலையும் மாலையும் நீரை நீவி வடிக்கும் சிகிச்சையும் தொடங்கியது. ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால் முக்கால்வாசி வடிந்திருக்கும் என்று சிகிச்சை தரும் பெண் சொன்னாள்.

நிழல் திட்டத்தை ஆஸ்பத்திரி நிறுத்திவைத்தது. புதன்கிழமைகளில் போன் சும்மா கிடந்தது. அந்த மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மாலை, நாகப்பட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது.

"முழங்கைக்கு மேல எவ்ளோ?" என்றாள் சுகந்தி. நலம் விசாரிக்கவில்லை.

"முப்பத்தஞ்சுங்க."

"எனக்கு முப்பத்தாறர." பிறகு, "உண்மையாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

கோகிலவாணி போனை மேஜை மேல் வைத்தாள். உறையைக் கழற்றி, டேப்பை எடுத்துக் கையைச் சுற்றிப் பிடித்தாள். இடது கையால் பிடிப்பதால் டேப் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை சரியாக நின்றது.

"முப்பத்தஞ்சே காலுங்க," என்றாள்.

அடுத்த புதன்கிழமையும் சுகந்தி கூப்பிட்டாள். அளவைக் கேட்டாள். அதே கேள்வியையும் கேட்டாள். இவளும் மறுபடி அளந்து சொன்னாள்.